ராத்தா வீட்டுக் கிணத்து ஈயம்

ஓகஸ்ட் 12, வெள்ளி

கச்சான் காத்து. வாயெல்லாம் மண். காலையில கடற்கரை ஒழுங்கைக் கிணறுகள்ல தண்ணி எடுத்தன். போத்தலுக்கெல்லாம் பேர் ஒட்டியாச்சு. சுனாமி கொண்டந்து போட்ட பற்றரி, பெயின்ற் டின் இன்னும் அப்பிடியே கிடக்கு. அதுல இருந்து ஈயம் ஊறித் தண்ணிக்குள்ள போகுதா, புள்ளையளுக்கு என்ன செய்யுது. இதான் என்ட ஆராய்ச்சி.

கொழும்பில இருந்து புள்ளையள்ட ரத்த முடிவு. எல்லாரும் சுகம். ஒருத்திக்கு மட்டும் ஈயம் கூட. என்ட கூடப்பிறந்த ராத்தாட மகள் சஹ்லா. மூணு வயசு. சோறு தின்னாம வயித்துவலி எண்டு அழுதது இதுக்குத்தானா? யா அல்லாஹ்.

பகல் ராத்தா வீடு, பழைய காணிக்குள்ளயே போட்ட தகரக் கொட்டில். என்ட கண் மண்ணுக்குச் சிவந்து கிடக்க, "கிட்ட வா புள்ள" எண்டு கண்ணுக்குச் சுறுமா மை போட்டு விட்டா. ஜும்ஆ நாள்ல வழமைதானே. ரத்த முடிவைச் சொல்லாமலே வந்துட்டன்.

ஓகஸ்ட் 13, சனி

சொல்லிட்டன். ராத்தா அழல்ல. கிணத்து வாளியக் கழட்டி உள்ளுக்குக் கொண்டு போய் வெச்சா. கிணத்தடியில லொறி பற்றரி ஒண்டு கிடந்தது அவக்கும் ஞாபகம்.

"வீட்டைக் கடல் திண்டுட்டு. கிணத்தையாவது விட்டிருக்கப்படாதா?"

இனி பவுசர் லொறியில வாற தண்ணி, வரிசை. கட்டார்ல இருக்கிற மச்சானுக்கு, சஹ்லாட வாப்பாக்கு, இன்னும் தெரியா.

கிணத்துத் தண்ணி கொழும்புக்கு அனுப்பியாச்சு. வாங்க வேணும்: போத்தல் மூடி, நூல் பந்து, சஹ்லாக்கு பிஸ்கட்.

ஓகஸ்ட் 23, செவ்வாய்

கிணத்து முடிவு வந்துட்டு. உப்புக் கொஞ்சம் கூட. ஈயம் இல்ல. இல்லவே இல்ல!

அப்ப புள்ளைக்கு எங்கால வந்த? சட்டி, விளையாட்டுச் சாமான், கதவுப் பெயின்ற் எல்லாம் பாத்தாச்சு. ஒண்டுமில்ல. தலை வெடிக்குது.

ஓகஸ்ட் 26, வெள்ளி

வெக்கை. ராத்தா வீட்டுச் சோறு, மீன் ஆணம். திண்டு முடிய ராத்தா சஹ்லாவ மடியில போட்டு சுறுமா தீட்டினா. புள்ள கண்ணைக் கசக்கி, கறுத்த விரலை அப்பிடியே வாயில வெச்சாள்.

அந்த விரலைப் புடிச்சு இழுத்தன்.

"ராத்தா, இது எங்கால?"

"மச்சான் அனுப்பின. அரபு நாட்டுச் சாமான்."

"எத்தினை தரம் போடுற?"

"ஒவ்வொரு நாளும்தான். கடல் வந்த பிறகு அழுதழுது கண் சிவந்து கிடந்தாளே. குளிர்ச்சிதானே, நபி காட்டின சுன்னத்தும்தானே."

சுறுமாக் குப்பியைப் பறிச்செடுத்தன். கண்ணாடியில என்ட முகம். எனக்கும் கண் நிறைய சுறுமா. ஊரெல்லாம் ஈயம் தேடித் திரிஞ்ச ஆள்! வெக்கம் கெட்டவள்.

செப்டெம்பர் 6, செவ்வாய்

கொழும்புக்கு அனுப்பின குப்பிட முடிவு. பெரும்பங்கு ஈயக்கல். கடையில சுறுமா எண்டு பேர் போட்டு விக்கிறதெல்லாம் சுறுமா இல்ல.

மச்சானுக்கு ராத்தா போன் எடுத்தா. "நானா என்ட புள்ளைக்கு நஞ்சு வாங்கி அனுப்பின?" எண்டார். மறுகா அழுகைச் சத்தம்தான்.

"அழாதீங்க. தண்ணியில எண்டா காணியையும் விட்டுட்டு ஓடியிருக்கோணும். இதுக்கு இனிப் போடாம இருந்தாச் சரி" எண்டு ராத்தா சொன்னா.

போனை வெச்சுப்போட்டுத்தான் அவ அழுதா.

ஒக்டோபர் 24, திங்கள். நோன்பு.

மழை தொடங்கிட்டு. குடை மறந்து போச்சு.

சஹ்லாட ரெண்டாம் ரத்த முடிவு. ஈயம் நல்லா இறங்கியிரிக்கி! "இன்னும் பாக்க வேணும், ஆனா பயப்பிடத் தேவல்ல" எண்டார் டொக்டர். அல்ஹம்துலில்லாஹ். பஸ்ஸுக்குள்ள விம்மி விம்மி அழுதுட்டன். பக்கத்துல இருந்த மனிசி, "ஆரும் மௌத்தாப் போயிட்டாங்களா, மகள்?" எண்டு கேட்டா. "இல்ல, புள்ளைக்குச் சுகம்" எண்டன். என்னை ஒரு மாதிரிப் பாத்தா.

நோன்பு துறக்க ராத்தா வீடு. அவ வாளிக்குக் கயிறு கட்டி அள்ளினா. பாங்கு சொல்ல, பேரீச்சம்பழம், கிணத்துத் தண்ணி. ரெண்டு கோப்பை குடிச்சன். கொஞ்சம் உப்புத்தான்.

"கடற்கரை முழுக்கக் கிண்டிப் பாத்தவ, கண்ணைப் பாக்கல்ல" எண்டு ராத்தா சிரிப்பு. சிரிக்கட்டும். கன நாளைக்குப் பிறகு.

சஹ்லா வெறுங்கண்ணோட கிட்ட வந்தாள். "சாச்சி, சுறுமா போடாட்டி பெருநாள் வருமா?"

வரும் எண்டன். நம்பல்ல. உம்மாக்கிட்டயும் போய்க் கேட்டாள்.