பெரிய பீப்பாயின் வெள்ளை ஆடை

ஜனவரி 14
ஞாயிறு. பூசை முடிந்ததும் செல்மோ ஊரில் பாதியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பெரிய பீப்பாயின் அடிமுளையை உருவினான். பீறிட்ட ஆப்பிள் கள்ளை ஆளுக்கொரு தம்ளராகப் பிடித்துக் குடித்தார்கள். வாராவாரம் இதே கூத்து. குறைந்ததை மேல் அடைப்பைத் திறந்து ஊற்றி நிரப்பலாமே, இல்லாவிட்டால் காற்று நிற்குமே என்றேன்.

“மார்ச் தேய்பிறைக்கு முன்னாடி தொறந்தா நிலா கள்ளைக் கெடுத்துரும். மேல் அடைப்பைத் தொட்டே, கையை முறிச்சிருவேன்.”

சொன்னால் செய்கிற புருஷன்தான் எனக்கு வாய்த்தவன்.

பிப்ரவரி 4
இன்றும் அதே கூட்டம். மறுபடி சொன்னேன். தட்டு பறந்தது. நெற்றியில் வீக்கம்.

பிப்ரவரி 18
தம்ளரில் காடி வாசம். வெள்ளையாய்ச் சின்னத் துணுக்குகள் மிதந்தன. குடித்த ஒருவன் துப்பினான். “செல்மோ, இதைக் கீரையில ஊத்தித் தின்னலாம்டா!” எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வினை.

அவன் தம்பி நெலோ, பீப்பாயில் பாதிப் பங்குக்காரன், மெதுவாகத்தான் சொன்னான்: “அண்ணே, உள்ள காத்து புகுந்திருக்கும். மேல தொறந்து பாப்போம்.”

“செவ்வாக்கிழமை தனியா உள்ள வந்தியே, என்னடா கலந்தே?”

“என் பங்கை நானே கெடுப்பனா?”

செல்மோ கொட்டாப்புளியை, அடைப்பை அடித்து இறுக்கும் அந்த மரச்சுத்தியலை, எடுத்தான். நெலோவின் முகத்தில் ஒரே அடி. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவன்மேல் மறுபடி ஓங்கினான்—கையைப் பிடித்த என்னைத் தூக்கிப் பீப்பாயில் மோதினான். வந்த ஆண்கள் தம்ளரும் கையுமாக நின்றார்கள். தூ! ஆம்பளைங்களாம்!

பிப்ரவரி 19
நெலோவுக்கு இடது கண் போய்விட்டது. ஒவியேதோ நகரத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். செல்மோவைக் காவலர்கள் கொண்டுபோனார்கள். விலங்கோடும், “மேல் அடைப்பைத் தொடாதே!” என்று கத்தினான்.

தொட்டேன். அடித்துத் திறந்து விளக்கைப் பிடித்தேன். ஒரு முழத்துக்கு வெறும் காற்று. அதற்குக் கீழே, ஆறிய பாலில் படிவதுபோல, சுருங்கிய வெள்ளை ஆடை. யாரும் எதையும் கலக்கவில்லை. மேலே நிலாவுக்குப் பயந்து மூடிவைத்து, கீழே வாராவாரம் உறிஞ்சி, காற்றை உள்ளே விட்டவன் அவனேதான்.

இதுக்கா ஒரு கண்ணு? பாவி, இதுக்கா? கொட்டாப்புளியால் பீப்பாயை அடித்தேன், அடித்தேன், உள்ளங்கை கிழியும்வரை.

மார்ச் 3
பெரியதன் பக்கத்தில் இருந்த சின்னப் பீப்பாயை யாரும் தொடவில்லை, அது பிழைத்திருக்கிறது. கழுத்துவரை நிரப்பி மூடினேன். கட்டுப் போட்ட முகத்தோடு நெலோ வந்தான். “அண்ணி, இதாவது தேறுமா?” “தேறும், முழுக்க உனக்குத்தான்” என்றேன். அழுதான். என்னால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

டிசம்பர் 9
செல்மோ விடுதலையாகி வந்தான். நேரே பீப்பாய் அறைக்குத்தான். “முளையை உருவு, புதுசு எப்படின்னு பாப்போம்.”

பெரிய பீப்பாயின் அடிமுளையை நான் எப்போதோ, இனி உருவ முடியாதபடி, மரத்தோடு மரமாக அறுத்துவிட்டேன். இந்த வருஷக் கள்ளைக் கழுத்துவரை நிரப்பி முடித்து, மேல் அடைப்பை இறுக்கிக்கொண்டிருந்தேன். கொட்டாப்புளி என் கையில் இருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு அதைப் பார்த்தான். நான் கீழே வைக்கவில்லை.

சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். “அவரைக் குழம்பு ஆறிக் கெடக்கு” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

சுட வைத்துக்கொள்ளச் சொன்னேன்.