பாதியில் நிற்கும் மூன்றாவது பதிவு

சாமி,

பட்டறை மேசையில் எதையோ தேடி இழுப்பறையைத் திறந்தேன். உங்கள் வாசனைப் பாக்கு டப்பா. உள்ளே பாக்கு இல்லை, சாக்ஸபோன் வாயில் பொருத்துவீர்களே, அந்த நாணல் சீவல்கள்தான். வாசனை மட்டும் இன்னும் போகவில்லை. சாக்ஸபோன் பெட்டியை உங்கள் வீட்டில் சேர்த்தபோது இதை மறந்துவிட்டேன் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே நான் ஒரு நிலையில் இல்லை. அன்று நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நீங்கள் போன செய்தியே எனக்கு இன்னும் உறைக்கவில்லை. முந்தின நாள் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து என் டீயைக் குறை சொன்ன மனுஷர். உங்கள் மைத்துனர் போனில் சொன்னபோது, ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுபடியும் மணி அடித்தது. எடுக்கவே பயமாக இருந்தது.

முதன்முதலில் நீங்கள் அரியமங்கலத்தில் என் லேத் பட்டறைக்கு வந்தது, சாக்ஸபோனில் விரலால் அழுத்துகிற, உடைந்துபோன ஒரு பித்தளைச் சாவிக்காக. "இதை எங்க கொண்டு போறதுன்னே தெரியலை. கடைஞ்சு தர முடியுமா?" என்று பெட்டியைத் திறந்தீர்கள். நெற்றியில் திருமண், கையில் சாக்ஸபோன். "என்ன சாமி, ஸ்ரீரங்கத்துல இதையெல்லாமா வாசிக்கிறீங்க?" என்றேன். பொன்மலை ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்தியரிடம் ஜாஸ் கற்றதைச் சொன்னீர்கள். சாவி செய்து கொடுத்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள்: "இது இங்கயே இருக்கட்டுமா? வாயில வெக்கற வஸ்து. எச்சில்னு அம்மா ஆத்துக்குள்ள விட மாட்டா."

அப்படித்தான் அது என்னிடம் தங்கியது. உங்கள் அம்மா காலமாகி எத்தனையோ வருஷம் ஆகியும் நீங்கள் எடுத்துப் போகவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறு தவறாமல் வந்தீர்கள். உங்கள் வீட்டு மாமிக்குப் பிடிக்காது என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவர் எதிரில் பாட்டுப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

ஊருக்குத் தெரிந்தது சென்னைக்காரர்களோடு சேர்ந்து நீங்கள் போட்ட அந்த ஒரு சி.டி.தான். ஹோட்டலில் சாப்பிடுகிறவர்கள் காதுக்கு உறுத்தாமல், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வாசித்திருப்பீர்கள். யாருக்கும் தெரியாதவை, அக்கம்பக்கத்துப் பட்டறைகள் மூடியிருக்கும் ஞாயிறு மத்தியானங்களில் நான் என் போனில் பிடித்த மூன்று பதிவுகள்.

முதலாவதில் உங்களுக்கு அவசரம். துவாக்குடி பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்கிற மாதிரி ஓட்டம். மூச்சுப் போதாமல் இசை வாக்கியங்களின் வால் அறுந்து விழுகிறது. ஆனால் அடி ஸ்வரத்துக்கு இறங்கும்போது அலமாரித் தகடு கிர்ரென்று அதிர்வதும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது பாருங்கள், அதற்காகவே அதைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். இரண்டாவது, தகரக் கூரையில் மழை பெய்தபோது எடுத்தது. மேலே போனால் சுருதி கொஞ்சம் தொய்கிறது. இருந்தாலும் மழைக்கு இடம் விட்டு விட்டு வாசித்திருக்கிறீர்கள். ஓரிடத்தில் நாதஸ்வரம் மாதிரி ஒரு குழைவு. "கோயில் வாசனை வந்துடுத்து, அழிச்சுடுங்கோ" என்றீர்கள். நான் அழிக்கவில்லை. ஜாஸ்காரர்கள் என்ன சொல்வார்களோ, உங்கள் வாசிப்பிலேயே உசத்தி அதுதான்.

மூன்றாவதுதான் வம்பு. உங்கள் சொந்த மெட்டு. மெதுவாகக் கிளம்பி, படிப்படியாக ஏறி, இதோ இறங்கப் போகிறது என்று நாம் காத்திருக்கும் இடத்தில் நிற்கிறது. அப்புறம் நீங்கள் சாக்ஸபோனைக் கீழே வைக்கும் சத்தம். எத்தனை முறை எடுத்தாலும் அங்கேதான் நிறுத்துவீர்கள். "மீதி எங்க சாமி?" என்றால், "இருக்கு, இருக்கு" என்று பாக்கை வாயில் போட்டுக்கொள்வீர்கள். முடிக்கத் தெரியாத மனுஷர் என்று உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதற்கும் சிரிப்புத்தான்.

ஞாயிறு பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். மாமி கூடத்தில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே விடுவாரோ மாட்டாரோ என்று வாசலிலேயே நின்றேன். பெட்டியைப் பார்த்தார். "உள்ள கொண்டு வாங்கோ. பெருமாளுக்கு நேரா வேண்டாம், இந்தப் பக்கமா வைங்கோ" என்றார். அவ்வளவுதான்.

உங்கள் வாசிப்பைக் கேட்க வேண்டும் என்றார். போனில் மூன்றையும் போட்டேன். மூன்றாவது வழக்கமான இடத்தில் நின்றது. "இவ்வளவுதாங்க மாமி, மீதியைச் சாமி வாசிக்கவே இல்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். மாமி தலையை நிமிர்த்தவில்லை. கை பாட்டுக்குப் பூவை ஆய்ந்துகொண்டிருக்க, விட்ட இடத்திலிருந்து முனகத் தொடங்கினார். மெட்டு இறங்கியது. கோணல்மாணலாக ஒரு திருப்பம் திரும்பி, கிளம்பிய ஸ்வரத்திலேயே வந்து உட்கார்ந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமி கொடுத்திருந்த தண்ணீர் டம்ளர் தளும்பி வேட்டி நனைந்தது.

"உங்களுக்கு எப்படிங்க மாமி இது?"

"தெனம் கார்த்தால வேஷ்டி உலர்த்தறச்சே இதைத்தான் முனகிண்டிருப்பார். எனக்கும் ஒட்டிண்டுடுத்து. ஏதோ சினிமாப் பாட்டாக்கும்னு இருந்தேன்."

"சினிமாப் பாட்டு இல்லீங்க. சாமியே போட்டது. இதோட முடிவை நானே இப்பத்தான் கேக்குறேன்."

மாமியின் கை நின்றது. "அவர் போட்டதா?" என்றார். மறுபடியும், "அவரா?" என்றார். பிறகு பெட்டியைப் பார்த்தபடி சொன்னார்: "இது உங்க பட்டறையில இருக்குன்னு எனக்குத் தெரியும். மாமியார் போனப்பறம் அவரே கொண்டு வருவார்னு இருந்தேன். நான் கூப்பிடணும்னு அவர் இருந்தாரோ என்னமோ. ஒரு தரம்கூட கேக்காமயே இருந்துட்டேனே."

என்ன சாமி இது? ஒரே வீட்டில் இரண்டு பேரும் இப்படியா காத்திருப்பீர்கள்? அவரிடம் ஒரு வார்த்தை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். அழுகையும் வந்தது.

"இன்னொரு தரம் போடுங்கோ" என்றார். போட்டேன். இந்த முறை மாமி முனகுவதைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று இன்னொரு போனைத் தயாராக வைத்திருந்தேன். அதே இடத்தில் நின்றது. மாமி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். "வர மாட்டேங்கறது. இது உங்களோடதுன்னு தெரியாத வரைக்கும் தானா வந்தது. இனிமே வருமான்னு தெரியலை" என்று உங்கள் படத்தைப் பார்த்துச் சொன்னார்.

கிளம்பினேன். எனக்கு ஒரு பாட்டு ஒரு நாழிகை மனசில் தங்காது, உங்களுக்குத்தான் தெரியுமே. மாமி எதிரில் நானே பாடிப் பதிவு செய்யவும் மனசு வரவில்லை. அதனால் ஸ்கூட்டரை எடுக்கும்போதே மாமி முனகியதை நானும் முனக ஆரம்பித்துவிட்டேன். காவிரிப் பாலம் முழுக்க முனகினேன். சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர், "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்றார். பதில் சொன்னால் மறந்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். பட்டறைக்கு வந்து, பூட்டைத் திறந்து, யாரிடமும் பேசாமல் போனை எடுத்து அதற்குள் பாடிவிட்டேன்.

ஆக, நான்காவதாக ஒரு பதிவு இருக்கிறது சாமி. குறை என்று பார்த்தால் நிறைய. சுருதி எங்கேயோ, தாளம் எங்கேயோ, நடுவில் ஒரு தும்மல், என் குரல் வேறு. நிறை ஒன்றே ஒன்றுதான். அது முடிகிறது.