சித்தம் வெளிப்படவில்லை

ம்பாந்தே ஏரிக்கரை
1998 மார்ச் 9

அண்ணனுக்கு,

தெம்வா எழுதுவது. ஸ்தோத்திரம் பிறகு சொல்கிறேன். இப்போது சொன்னால் அது பொய்யாக இருக்கும்.

மூப்பர் கோண்ட்வே நேற்று படகில் திரும்பி வந்தார். திருச்சபை மன்றக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்க சபையே கரையில் நின்றது. மனிதர் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"உனக்குக் குருப்பட்டம் குடுக்கலாம்னு பாதிப் பேரு கையத் தூக்கினாங்க. பொம்பளைக்குக் கூடாதுன்னு பாதிப் பேரு தூக்கினாங்க. சரிசமம்."

"சரிசமம்னா தலைவர்தானே முடிவு சொல்லணும்?"

"அதை ஏம்மா கேக்கிற? உங்கண்ணன் எழுந்தாரு. 'கர்த்தருடைய சித்தம் இன்னும் வெளிப்படவில்லை'ன்னாரு. ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடிச்சிட்டாரு. அப்புறம் சாப்பாடு போட்டாங்க. கோழிக்கறி."

அவர் கோழிக்கறியைச் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அண்ணா, கர்த்தருடைய சித்தம் அன்றைக்கு உன் வலது கையில் வந்து உட்கார்ந்திருந்தது. நீ அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாய்.

இந்த ஊழியத்துக்கு நான் எப்படி வந்தேன் என்று உனக்குத் தெரியாதா? நான் கனவு காணவில்லை. காலரா வந்த வருஷம் போதகரால் மலையைத் தாண்டி வர முடியவில்லை. செத்துப்போன பிள்ளைகளை அடக்கம் பண்ண ஆளில்லாமல் ஊரே என் வாசலில் வந்து நின்றது. "நான் பள்ளிக்கூட டீச்சர், எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன். "வேதம் வாசிக்கத் தெரியுமில்ல? வா" என்றார்கள். போனேன். அதற்குப் பிறகு என்னை உபதேசியாராக வைத்தது உங்கள் மன்றம். இறையியல் கல்லூரிக்கு அனுப்பியதும் உங்கள் மன்றம். படிப்புக்கு இருந்த சித்தம் பட்டத்துக்கு மட்டும் எங்கே போயிற்று?

என் வீட்டுக்காரர் வலை தைத்துக்கொண்டே சொல்கிறார்: "உங்கண்ணன் மீன்பிடிக்கப் போயிருந்தா, ஏரி வத்துற வரைக்கும் கரையிலயே நின்னு ஜெபம் பண்ணியிருப்பாரு." சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு கோபம் இன்னும் ஏறியது.

பதில் எழுது. வசனம் எழுதாதே, பதில் எழுது.

தெம்வா


ருக்குரு
1998 மார்ச் 23

கிறிஸ்துவுக்குள் மிகவும் அன்பான தங்கை தெம்வாவுக்கு,

அண்ணன் வெட்சன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம். இங்கே மழை விட்டபாடில்லை. சோளம் அழுகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. உன் மனவேதனை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஆபிரகாம் எத்தனை காலம் காத்திருந்தான்? மோசே வனாந்தரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டு எத்தனை காலம் காத்திருந்தான்? அவருடைய வேளைக்குப் பொறுத்திருப்பதே விசுவாசம். நாம் முந்திக்கொண்டால் அது நம்முடைய சித்தமாகிவிடும்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். நீ என் கூடப்பிறந்தவள். நான் கையைத் தூக்கியிருந்தால், "தலைவர் தன் வீட்டுக்கே பட்டம் கொடுத்துக்கொண்டார்" என்று நாளைக்கே பேசுவார்கள். அந்த அவச்சொல் உன் ஊழியத்தைத்தான் கெடுக்கும்.

உன் கடிதத்தின் தொனி என்னை வருத்தியது. இவ்வளவு கோபம் உள்ள இடத்தில் ஆவியானவர் பேசுவாரா? ஜெபத்தில் உன்னையே சோதித்துப் பார், தெம்வா.

அண்ணி உனக்கு ஒரு சிட்டென்ஜே துணி கொடுத்தனுப்பியிருக்கிறாள். மஞ்சளில் நீலப் பூப் போட்டது. இடுப்பில் சுற்றிக்கொள்ள நன்றாயிருக்கும் என்றாள்.

ஜெபத்தில் உன்னை மறவாத
அண்ணன் வெட்சன் லுகாங்கா


ம்பாந்தே
1998 ஏப்ரல் 16

மகா கனம் பொருந்திய மன்றத் தலைவர் அவர்களுக்கு,

உபதேசியார் தெம்வா பணிவுடன் தெரிவித்துக்கொள்வது.

தங்களுக்கு யோதாமுவை நினைவிருக்கும். தாங்கள் இங்கே வரும்போதெல்லாம் தன் படகில் தங்களை ஏற்றி வந்தவன். சென்ற வருஷத்திலிருந்து மெலிந்துகொண்டே போனான். நோயின் பேரை இங்கே யாரும் சொல்வதில்லை, தங்கள் ஊரிலும் சொல்வதில்லை. பெரிய வெள்ளிக்கு முன்பு எழுந்திருக்கவே முடியாமல் போயிற்று. சாகுமுன் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வேண்டும் என்று கேட்டான்.

பக்கத்து ஊர்ச் சபைகளைப் பார்க்கும் போதகருக்கு ஆள் அனுப்பினேன். ஈஸ்டர் கழியட்டும் என்றார். தங்களுக்கும் சொல்லி அனுப்பினேன். தங்களுக்குக் கன்வென்ஷன் இருந்தது.

நான் அவன் பாயருகே உட்கார்ந்து சங்கீதம் வாசித்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உபதேசியாரம்மா, அப்பம் இருக்கு. ரசம் இருக்கு. நீங்களும் இருக்கீங்க. அப்புறம் என்னதான் இல்ல?"

"எனக்குப் பட்டம் இல்ல, யோதாமு."

"பட்டமா? அது இனிக்குமா, கசக்குமா?"

சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்துவிட்டது. நான் கொடுக்கவில்லை. பட்டமில்லாதவர் கொடுக்கக்கூடாது என்ற மன்றத்தின் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தேன். அவருடைய வேளைக்குப் பொறுத்திருந்தேன். யோதாமு பொறுத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலையில் போய்விட்டான். மறுநாள் "உயிர்த்தெழுந்தார்" என்று நான்தான் சபைக்கு முன்னால் நின்று சொன்னேன். அவன் மனைவி சூஸ்கோ முன்வரிசையில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி அனுப்பிய துணியில்தான் அவனைச் சுற்றினோம். அண்ணிக்கு என் நன்றியைச் சொல்லவும்.

இவ்வளவு கோபம் உள்ள இடத்தில் ஆவியானவர் பேசுவாரா என்று கேட்டிருந்தீர்கள். இவ்வளவு பயம் உள்ள இடத்தில் பேசுவாரா என்று நான் கேட்கிறேன். என் கோபத்தில் பாதி தங்கள்மேல். மீதிப் பாதி என்மேல். தாங்கள் கூட்டத்தில் செய்ததைத்தான் நான் அந்தப் பாயருகே செய்தேன்.

இப்படிக்கு,
உபதேசியார் தெம்வா


ருக்குரு
1998 ஏப்ரல் 30

தெம்வா,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. எப்படி வருகிறதோ அப்படியே அனுப்புகிறேன்.

யோதாமுவுக்காக அழுதேன். நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

பயம் என்கிறாய். ஆமாம், பயம்தான். மலைச் சபைகளின் மூப்பர்கள் கூட்டத்துக்கு முந்தின நாள் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "பொம்பளைக்குப் பட்டம் குடுத்தீங்கன்னா நாங்க தனியாப் போயிருவோம், போதகரே. அப்புறம் எங்க ஊர் மண்ணை நீங்க மிதிக்க வேணாம்" என்று மேசையைத் தட்டினார்கள். உன் அண்ணி வைத்த டீயைக்கூடத் தொடவில்லை. அவர்கள் போய்விட்டால் அங்கே இருக்கிற பள்ளிக்கூடம் யாருக்கு? மருந்தகம் யாருக்கு? உனக்கு ஒரு ஊர். எனக்கு அத்தனை ஊரும்.

கடவுள் உன் ஒருத்தியிடம்தான் பேசுகிறார் என்ற நினைப்பு உனக்கு எப்போது வந்தது? மலைக்காரர்களும் முழங்காலில் நின்றுவிட்டுத்தான் "கூடாது" என்கிறார்கள். அவர்களிடம் பேசியது யார், பிசாசா? எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். அதற்கா இத்தனை ஏச்சு?

"மகா கனம் பொருந்திய" என்று எழுதி என்னைச் செருப்பால் அடித்துவிட்டாய். சரி, தலைவனாகவே சொல்கிறேன். பட்டமில்லாமல் நீ திருவிருந்து கொடுத்தால், உன்னை நீக்கும் தீர்மானத்தில் நானே கையெழுத்துப் போடுவேன். தங்கை என்று பார்க்க மாட்டேன்.

வெட்சன்


ம்பாந்தே
1998 ஜூன் 2

அண்ணா,

நீ எனக்கு எழுதிய கடிதங்களில் வசனமே இல்லாதது இது ஒன்றுதான். அதனால் நம்பிப் படித்தேன்.

மலைக்காரர்களிடம் பேசியது யார் என்று கேட்டாய். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. எனக்குள் பார்த்தபோது அங்கே அழகான ஒன்றும் இல்லை. உன்னை எப்படிச் சந்தி சிரிக்க வைக்கலாம் என்று ஒரு பக்கம் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கர்த்தருடைய சித்தம் என்று பேர் வைக்கவும் பார்த்தேன். நாற்றமடித்தது. விட்டுவிட்டேன்.

போன மாதக் கடைசியில் சபை கூடியது. மூப்பர் கோண்ட்வே குதித்தார்.

"நாமளும் தனியாப் போயிருவோம்! கோயில் சுவத்துல புதுப் பேரு எழுதிருவோம். பெயிண்ட் என் செலவு."

"மலைக்காரங்க மிரட்டினா தப்பு, நாம மிரட்டினா சரியா? உக்காருங்க மூப்பரே" என்றேன்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அப்போது சூஸ்கோ எழுந்தாள். யோதாமு போனதிலிருந்து அவள் சபையில் வாய் திறந்ததே இல்லை.

"எம் புருசன் கேட்டான். நீ குடுக்கல. இப்ப நான் கேக்கிறேன். எனக்கும் அதே நோவுதான். குடுப்பியா, மாட்டியா?"

அண்ணா, சித்தம் இன்னும் வெளிப்படவில்லை என்று அவளிடம் சொல்ல முடியுமா என்று பார்த்தேன். வாய் வரவில்லை. "குடுப்பேன்" என்றேன்.

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று என்னை முழங்காலில் நிறுத்தி, மன்றம் தராத பட்டத்தைத் தாங்களே தருவதாக எல்லாரும் கை வைத்தார்கள். சூஸ்கோ முதலில் வைத்தாள். அதன்பின் மீன் நாற்றம் போகாத கைகளாக என் தலைமேல் வந்து விழுந்தன. எழுந்து அப்பத்தைப் பிட்டேன். வானம் திறக்கவில்லை. குரல் கேட்கவில்லை. செய்தது சரிதான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். நீ நிச்சயம் வரட்டும் என்று காத்திருக்கிறாய். எனக்கும் அது வரவில்லை. வராமலேதான் கொடுத்தேன், சூஸ்கோ இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். தப்பென்றால் அவர் முன்னால் நின்று நானே கணக்குக் கொடுப்பேன். உன்னைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன்.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. உன்மேல் இருக்கிறது. நாளைக்கும் இருக்கும்.

என்னை நீக்குகிற தீர்மானத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம், வேறு ஆள் கையிலும் கொடுக்க வேண்டாம். நீயே கொண்டு வா. யோதாமுவின் படகை இப்போது அவன் தம்பி ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை ஏறினால் சனிக்கிழமை இங்கே இறங்கிவிடலாம். எங்கள் வீட்டில் படுத்துக்கொள். மறுநாள் ஆராதனை முடிந்ததும் தீர்மானத்தைச் சபைக்கு முன்னால் வாசி. ஒருவரும் தடுக்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் அதற்கு முன்பு திருவிருந்து உண்டு. தலைவருக்கென்று தனி நாற்காலி போடுவதில்லை. உனக்கு வேண்டுமென்றால் சூஸ்கோவுக்குப் பின்னால் வரிசையில் நின்று என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.

உன் தங்கை
தெம்வா