வெட்டிய வரி

டிலக்ஷன் அண்ணாவுக்கு,

சோறு மூடி வைத்திருக்கிறேன். பருப்பை மட்டும் சூடாக்கினால் போதும். அம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து நனைந்து வருவார், சுடுதண்ணீர் வைத்துக் கொடுங்கள். நான் நாலேகால் பஸ்ஸில் பதுளைக்கு வகுப்புக்குப் போகிறேன்.

‘எரிமீன் கோட்டை’ நாவலின் கடைசிப் பாகத்தை ஞாயிற்றுக்கிழமை நாம் இருவரும் படித்து முடித்தோம். முடிவைப் பற்றி என் டயரியில் ஒரு பக்கம் எழுதினேன். இன்று அந்த நாவல் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், அதே பக்கம் உங்கள் பெயரில் இருக்கிறது. “மச்சான், அழ வச்சிட்டியேடா” என்று ஒருவர். “சும்மா மனசுல பட்டத எழுதினேன்டா” என்று நீங்கள்.

“துளிரி ஆயுள் முழுக்கக் கல் சுமந்து கோட்டையைக் கட்டினாள், முடிவில் அதில் அவளுக்கென்று ஓர் அறை இல்லை.” இந்த வரியை மூன்று தரம் எழுதிப் பார்த்து, சரியில்லை என்று நான் வெட்டியிருந்தேன். வெட்டியதையும் எழுத்துக்கூட்டிப் படித்துப் போட்டிருக்கிறீர்கள். எல்லாரும் அந்த வரியைத்தான் பாராட்டுகிறார்கள்.

என்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்காகக் கேட்காமல் எடுப்பதா?

விதுர்ஷா

பி.கு: வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அந்தோனியம்மா அக்காவிடம் கொடுங்கள். டயரியை நான் எடுத்துப் போகிறேன்.

இன்னொன்று: எழுதியது யார் என்று குழுவில் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால், அவர்கள் கேட்கும் முதல் கேள்வியிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிடும், அதை நான்தான் எழுதினேனா என்று.