துரையிடம் அப்பா கேட்டது

ஜனவரி 18
இன்றும் ரங்கத் பஸ் லேட். ஆபீசில் வழக்கமான திட்டு. வீட்டுக்கு வந்தால் சினிமாக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இலங்கை ரப்பர் தோட்டத்து நாவல் ஒன்றைப் படமாக்குகிறார்களாம், பக்கத்துத் தீவான லாங் ஐலண்டில் ஷூட்டிங். வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுக் கிளம்பும்போது கிழத் தொழிலாளி ஒருவர் வழிமறித்துப் பேச வேண்டும். அந்தக் கிழவராக அப்பா! இலங்கையில் தோட்டக்காரர்களின் வரிசைவீடான லயத்தில் பிறந்து, இருபது வயதில் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டு, ஓய்வுபெறும்வரை ரப்பர் வெட்டியவர். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஜனவரி 23
இன்று ஷூட்டிங். நாவலை நான் படித்திருக்கிறேன். அதில் கிழவர் துரையிடம் கேள்வி கேட்பார். வசனத் தாளிலோ "நாங்கள் விடுதலை அடைந்துவிட்டோம்!" என்று ஒரு முழக்கம். அப்பா நாவலைத் தொட்டதுகூட இல்லை, தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். கேமரா ஓடியதும் துரையிடம் அவராகவே கேட்டார்: "நீங்க போறீங்க, சரிங்க தொர. பங்களாவுக்கு இன்னொரு தொர வந்துருவாரு. எங்களுக்கு அதே லயந்தானே?" டைரக்டர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மார்ச் 9
அப்பா போய்விட்டார். நெஞ்சு வலிக்குது என்றார், வண்டி வருவதற்குள் —

ஏப்ரல் 2
சர்க்கரை நோயில் அம்மாவுக்குக் கண் போய் நான்கு வருடமாகிறது. போட்டோவை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? "அவரு சத்தத்த ஒருக்கா கேட்டா போதும்" என்கிறாள். போனில் "ம், வச்சிரு" என்பதற்குமேல் பேசாத மனிதர். யாரிடமும் ஒரு பதிவில்லை. இனி அந்தப் படம்தான்.

ஜூலை 11
படம் எப்போது வரும் என்று இன்றும் கேட்டாள்.

செப்டம்பர் 14, டெய்ரி ஃபார்ம் ஏரியா
தம்பி குணா வீட்டு டிவியில் படம் பார்த்தோம். அப்பா வந்தார். அதே தாடி, அதே முறைப்பு. வாயைத் திறந்தார் — ஐயோ, இது யார் குரல்? கணீரென்று யாரோ ஒரு ஆள், "நாங்கள் விடுதலை அடைந்துவிட்டோம்!" என்கிறான். அப்பாவின் உதடு ஒன்று சொல்கிறது, காதில் வேறொன்று விழுகிறது. துரைக்கு மட்டும் அவர் பேசிய இங்கிலீஷ் அப்படியே இருக்கிறது, அடியில் தமிழ் எழுத்து ஓடுகிறது. எங்கப்பாவுக்கும் எழுத்துப் போட்டிருக்கலாமேடா, பாவிகளா! யார் போய் யாருக்கு விடுதலை?

அம்மா என் கையைப் பிடித்தாள். "அவரு எப்ப வருவாரு?"

"இன்னும் வரலம்மா."

குணா எழுந்து வெளியே போய்விட்டான்.

செப்டம்பர் 15
உதவி டைரக்டருக்குப் போன் செய்தேன். "அவரு பேசுறது மெயின்லேண்ட்ல புரியாது மேடம், அதான் டப்பிங். பழைய சவுண்டையெல்லாம் யாரு வச்சிருப்பா?"

குணா "சோடோ அக்கா, விட்டுரு, அம்மாகிட்ட சொல்லாத" என்கிறான்.

செப்டம்பர் 16
ரங்கத் திரும்பினோம். அப்பா நடித்த இடத்தை வெட்டிவிட்டார்கள் என்று பஸ்ஸில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

"போகுது விடு" என்றாள். "எவனோ ஒரு கெழவன் விடுதலைன்னு கத்துனானே, அவனெல்லாம் லயத்துல இருந்தவனா? உங்கப்பா அந்த எடத்துல நின்னிருந்தா அப்புடியா சொல்லியிருப்பாரு?"

சொல்லியிருக்க மாட்டார் அம்மா, என்றேன்.