ஐம்பதுக்குக் கீழே

அன்புள்ள ராசம்மாளுக்கு,

எழுத்து சேற்றில் நண்டு ஓடிய மாதிரி கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். முதியோர் வகுப்பில் படித்து நானே எழுதியது!

காற்றில் புகை அளவு ஐம்பதுக்குக் கீழே இறங்கினால்தான் திரும்பி வருவேன் என்று மூச்சிரைப்போடு மகள் வீட்டுக்குப் போனாய். திருவையாறு பேருந்து நிலையத்தில் அதை அளந்து காட்டும் மெஷின் பலகையை இப்போது நானே படிக்கிறேன். வயலில் வைக்கோல் எரித்த வாரம் நூற்று எண்பது. மழை பெய்ததும் அறுபது. ஆனால் நான் கிட்டே போய் நின்றால் மட்டும் மறுபடியும் ஏறுகிறது.

டீக்கடைக்காரரிடம் இந்த அதிசயத்தைச் சொன்னேன்.

"பெரியவரே, முதல்ல மெஷினுக்குக் கீழே நின்னு பீடி குடிக்கிறதை நிறுத்துங்க" என்றார்.

பீடியை விட்டுவிட்டதாகப் போனில் சொன்னேனே, அதை இன்றிலிருந்து என்று வைத்துக்கொள்.

அடுத்த வாரம் வெறும் வாயோடு போய் நின்று, வருகிற எண்ணை எழுதுகிறேன். நீ பையைக் கட்டியே வை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்