லோடு வண்டியின் கியர் பாக்ஸ்

அக்கா,

இரண்டு முறை சோப்பு போட்டும் கியர் ஆயில் வாடை கையை விட்டுப் போகவில்லை. நேற்று உன் காரின் கியர் பாக்ஸை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றினோம். நீ இருந்தபோதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை, நீ போய் ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன்.

ஐந்தரை வருஷத்துக்கு முன்னால் அந்த டீசல் காரில் மூன்றாவது கியர் தானாகக் கழன்றுகொண்டே இருந்தது. அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டதால் புது கியர் பாக்ஸ் கிடைக்காது. உடைத்த வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். சதுரங்கப்பட்டினத்திலிருந்து டயாலிசிஸ்காரர்களைச் சென்னைக்கு ஏற்றிப் போக வாரத்தில் மூன்று நாள் நீ ஓட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் என்ற உரிமையில், செங்கல்பட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த என்னிடம் அந்த வேலையைக் கொடுத்தாய்.

மெக்கானிக் ஏழுமலை ஒரு தாளில் நாலைந்து எழுத்தும் எண்ணும் எழுதிக் கொடுத்தார். "இதே இன்ஜினு லோடு வண்டிலயும் வருதுப்பா. அந்த கியர் பாக்ஸும் இதுல கரெக்டா ஒக்காந்துக்கும். ஆனா அது பாரம் இழுக்க செஞ்சது, வேகம் போவாது. மேல அடிச்சிகீற எழுத்த பாத்து வாங்கு."

"நல்லா பாத்து வாங்கியாடா. நோவு புடிச்சவங்க வர்ற வண்டி" என்று நீயும் சொன்னாய்.

சென்னையில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் காட்டிய கியர் பாக்ஸில் மண்ணும் ஆயிலும் விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. "தொடச்சி பாத்துக்க சார்" என்று கந்தல் துணியை நீட்டினார். அன்று மதியம் ஊரப்பாக்கத்தில் என் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். நான் புது வெள்ளைச் சட்டையில் இருந்தேன். போல்ட் துளைகளை மட்டும் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. துணியைக் கையில் வாங்கவே இல்லை. ஏற்றி அனுப்பச் சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

எழுத்தைப் பார்த்தாயா என்று ஏழுமலை கேட்டதற்கு, பார்த்தேன் என்றேன். என்னை நம்பி மாட்டினார்.

அதன் பிறகு நீ மெதுவாக ஓட்டுவதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். "வயசாவுதில்ல, பொறுமையா போறேன்" என்று சிரித்தாய். நானும் அதை நம்பத்தான் விரும்பினேன்.

என் அம்மாவுக்கு முடியாமல் போனபோது நீதான் சென்னைக்குக் கூட்டிப் போனாய். மாமல்லபுரம் தாண்டியதும் கொஞ்சம் வேகம் பிடித்தாய். அறுபதைத் தொட்டதுமே இன்ஜின் கதற ஆரம்பித்தது. பின்சீட்டில் அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நீ சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல் கேட்டாய்:

"டேய், அன்னிக்கு அந்த எழுத்த பாத்துதான வாங்குன?"

"பாத்தேன்க்கா."

நீ கண்ணாடியில் அம்மாவை ஒருமுறை பார்த்தாய். பிறகு "சரி" என்று சொல்லி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினாய். அதற்கப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை.

உன் மாரடைப்புக்குப் பிறகு கார் சும்மாவே நின்றது. உன் பேஷண்டுகள் போன் செய்துகொண்டே இருந்ததால், டிரைவர் வைத்து ஓட்டலாம் என்று உன் மகள் ஸ்டெல்லா முடிவு செய்தாள். போன வாரம் காரை ஏழுமலையிடம் கொண்டு போனோம். அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். "பாரு, லோடு வண்டிது."

எனக்கு எதுவும் தெரியாததுபோல் அதிர்ச்சியைக் காட்டினேன். அவர் என்னையே பார்த்தார்.

"அக்காவுக்குத் தெரியும்பா. மாட்டின ரெண்டாவது மாசமே காட்டிட்டேன். வேற போடலாம்னேன். வண்டிய நிறுத்துனா பேஷண்டுங்க இன்னா பண்ணுவாங்கன்னுச்சு. அவன்கையில கேக்காத, அவனா சொல்லட்டும்னுச்சு."

அப்படியென்றால், அன்று காரில் கேட்டபோது உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் சொல்வதற்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறாய். என் அம்மா பின்னால் படுத்திருந்த உன் காரில் உட்கார்ந்துகொண்டு, ஏழுமலையிடம் சொன்ன அதே பொய்யை உன்னிடமும் சொன்னேன்.

ஸ்டெல்லாவிடம் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெளியே போய் நின்றாள். இரண்டு நாள் என் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே அழைத்து, "சரியானத தேடுங்கண்ணா" என்றாள். நான்கு கடை ஏறி இறங்கினேன். இந்த முறை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்து, ஒவ்வொரு எழுத்தாக ஏழுமலைக்குப் போனில் படித்துக் காட்டிய பிறகே வாங்கினேன்.

இன்று காலை நானும் அவளும் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். எண்பதிலும் இன்ஜின் முனகவில்லை. கோவளம் வந்ததும் ஸ்டெல்லா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இதுக்குள்ள வந்துட்டமா? கடைசி அஞ்சு வருசமா அம்மா முக்கா மணி நேரம் முன்னாடியே எய்ந்துக்கும்ணா. அலாரம் அடிச்சா நாங்க திட்டுவோம். வண்டி பொறுமையாதான் போவும், நீங்க தூங்குங்கன்னு சொல்லிட்டு போவும்."

வண்டியை ஓரம் கட்டினேன். என்னால் ஓட்ட முடியவில்லை.

வாரத்தில் மூன்று நாள், ஐந்து வருஷம். உன்னிடமிருந்து நான் பறித்த அந்தத் தூக்கத்தை எங்கே கொண்டுவந்து கொடுப்பேன், அக்கா?